மாட்டேன் பாட்டு

"உன் குரல் செங்கோட்டை மரமில்லு மாதிரி இருக்கும்மா. மரம் அறுக்கத்தான் லாயக்கு" என்றார் லட்சுமிநாராயணன். மடியில் ஆர்மோனியம், வாயில் வெற்றிலை, முகத்தில் இளிப்பு. தென்காசியில் மெல்லிசைக் குழு நடத்திக்கொண்டிருந்தவர். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆர்மோனியத்தைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன். எறியவில்லை. பத்தொன்பது வயதில் எனக்கு வாய்தான் அதிகம், கைக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது.

கூட வந்த வேதாவை இரண்டு வரி பாடச் சொன்னார். அவள் குற்றாலத்துக் காலேஜில் என் பக்கத்து இடத்துக்காரி. சன்னதித் தெருவில் வீடு, சின்ன வயசிலிருந்தே பாட்டு கிளாஸ். "ஆகா! நாளைக்கே வந்துருங்கோ" என்றார் லட்சுமிநாராயணன். "மங்களாவை எடுத்துக்கலைன்னா நானும் வரலை சார்" என்று சொல்லிவிட்டு வேதா செருப்பை மாட்டிக்கொண்டாள். படியிறங்கும்போது நான் அழுதேன் என்று நினைக்காதீர்கள். ஏசினேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஏசினேன்.

மங்களேஸ்வரி என்கிற எனக்கு அப்போது வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். நான் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும். வீட்டில் ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. அந்தக் காந்தலாகவும் இருக்கலாம்.

இது எண்பத்தொன்றில். அந்த வருஷ சீசனில்தான் ஐந்தருவிப் பக்கம் ஒரு கடையில் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். துண்டு, சோப்பு, தேங்காய் எண்ணெய், நேந்திரங்காய் சிப்ஸ் விற்கிற கடை. உள்ளே யாரோ அடித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்து வேதா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் உள்ளே தலையை நீட்டினேன். சண்டை இல்லை. கல்லாவில் ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. அதன் பின்னால் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டு கடைக்காரர் மகன் ஒலி முகம்மது உட்கார்ந்திருந்தான்.

"என்ன எளவுலே இது?" என்றேன்.

"பாட்டு" என்றான். "லண்டன்ல இருந்து மாமா கொண்டாந்தாவ. பங்க்."

கேசட்டில் ஒருத்தி பாடினாள். பாடினாள் என்று சொல்வதா, ஏசினாள் என்று சொல்வதா! சுருதி கிடையாது, நெளிவு சுளிவு கிடையாது. தெருக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு இடுப்பில் கை ஊன்றி ஒருத்தி மல்லுக்கு நிற்பாளே, அந்தக் குரல். என் குரலைவிட மோசம்! எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. அடி சக்கை, இவளை மேடை ஏற்றியிருக்கிறார்கள், கேசட் போட்டிருக்கிறார்கள், கடல் தாண்டி ஐந்தருவிக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். என்னை மட்டும் மரம் அறுக்கப் போகச் சொல்கிறான் அந்த வெற்றிலைவாயன்.

"திருப்பிப் போடு" என்றேன். சிப்ஸ் வாங்க வந்தவர்கள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்கள். ஒலி முகம்மது கவலையே படவில்லை. திருப்பிப் போட்டான்.

அவனுடைய மாமா ஹபீபுல்லா லண்டனில் ஒரு ஓட்டலில் சமையல்காரர். லீவில் வந்திருந்தார். ஒரு படப் புத்தகமும் ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டாரும் அவர்தான் கொண்டுவந்தது. புத்தகத்தைத் திறந்தால் ஒவ்வொருத்தனும் ஒரு கோலம். சேவல் கொண்டை மாதிரி நட்டுக்க நிற்கிற சிவப்பு முடி. இரண்டு பக்கமும் மழித்த தலை. கிழிந்த சட்டை, கிழிந்ததை மாட்டிப் பிடித்த ஊக்குகள். ஒருத்தன் கன்னத்திலேயே ஊக்கைக் குத்தியிருந்தான்.

"இவங்கள்லாம் பைத்தியமா மாமா?" என்று வேதா பயந்து கேட்டாள்.

"பைத்தியமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் அவர். "அங்கன பயலுவளுக்கு வேலை கெடையாது பிள்ள. படிச்சவனுக்கும் இல்ல, படிக்காதவனுக்கும் இல்ல. வாயப் பொத்திட்டு இருங்கன்னு பெரிய மனுசங்க சொன்னாவ. நாங்களும் இருக்கோம்லான்னு இவனுவ கத்துதானுவ, அவ்வளவுதான். எங்களைப் பாத்து, உங்க ஊருக்குப் போங்கலேன்னு ஏசுதவன் அங்கன ரொம்ப. அவனை எதுத்து மேடை போட்டுப் பாடுனதும் இவனுவள்ல பலபேர்தான். எங்க ஓட்டல்ல தட்டு கழுவுத பிள்ள ஒண்ணு, வேலை முடிஞ்சதும் மேடை ஏறிரும்."

"அதுக்குப் பாடத் தெரியுமா?"

"ஒரு மண்ணும் தெரியாது. கிட்டார்ல விரல் வைக்க மூணு பிடி தெரிஞ்சா போதும். நாலாவது பிடி தெரிஞ்சவனைப் பாத்தா சிரிப்பானுவ."

நான் அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா வள்ளித்தாய் அடுப்படியில் வைத்துப் புரட்டினாள். அவள் தாலிச் சங்கிலியிலேயே எந்நேரமும் நாலைந்து ஊக்குகள் தொங்கும். "நல்ல பிள்ளைதான் போல. ஊக்கு எங்கன்னு தேட வேண்டாம் பாரு" என்றாள். கன்னத்தில் குத்தியிருந்தவனைப் பார்த்ததும் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அலகு குத்தியிருக்கானே! வெள்ளக்காரன் எந்தக் கோயிலுக்கு நேந்துக்கிட்டானோ!"

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. அன்றைக்குச் சிரித்தேன், சரி.

அந்த வருஷம் முழுக்கக் கடைக்குப் பின்னால்தான் எங்கள் ஒத்திகை நடந்தது. கிட்டாரில் மூன்று பிடி ஒலி முகம்மதுக்கு மாமா சொல்லிக்கொடுத்துவிட்டு லண்டனுக்குத் திரும்பினார். வேதாவுக்குக் காலியான தேங்காய் எண்ணெய் டின்கள். பாட்டு கிளாஸில் வாங்கின அத்தனை தாளமும் அந்த டின்னில் இறங்கியது. ஒரு அடி பிசகாது. "பிசகணும்டி, அதுதான் பங்க்" என்பேன். "வரமாட்டேங்கிறதேடி" என்று பாவமாகச் சொல்வாள். ஒலி முகம்மதின் உம்மா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு எங்களுக்கு எதிரே காவலுக்கு உட்கார்ந்திருப்பார். வயசுப் பிள்ளைகளைத் தனியாக விடக்கூடாதே. பாவம், அவர் பட்ட பாடு எந்தத் தாயும் படக்கூடாது.

எனக்கு வாத்தியார் அருவிதான். சாரல் காலத்தில் ஐந்தருவி இரைகிற இரைச்சலில் பக்கத்தில் நின்று பேசினாலும் காதில் விழாது. அதை மிஞ்சிக் கத்தினால்தான் என் குரல் எனக்கே கேட்கும். கத்தினேன். அடிவயிற்றிலிருந்து, தொண்டை கிழிய, கழுத்து நரம்பு புடைக்க. ஊரில் ஒருத்தர் குறை சொல்லவில்லை. ஏனென்றால் ஒருத்தர் காதிலும் விழவில்லை. குழுவுக்கு 'மூணு ஊக்கு' என்று பெயர் வைத்தோம். பாடத்தான் பாட்டு ஒன்றும் இல்லை.

பாட்டு அடுத்த வருஷம் ஆனியில் வந்தது. அப்பாவால் வந்தது.

எங்களுக்குக் குத்துக்கல்வலசையில் வயலும் வீடும். அப்பா தங்கசாமி அடித்துப் பேசுகிறவர் இல்லை, ஏசவும் மாட்டார். என்னிடம் எதையும் கேட்க மாட்டார், அவ்வளவுதான். அச்சன்புதூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை மெட்ராஸில் போலீஸ். ஆடியில் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மாப்பிள்ளையின் அப்பா பரமசிவன் அண்ணாச்சியும் வீட்டுக்காரியும் வருவது, கொடையும் பார்த்த மாதிரி, சாயங்காலம் பெண்ணையும் பார்த்த மாதிரி என்று முடிவாகிவிட்டது. அம்மாதான் எனக்குச் சொன்னாள். "தட்டத்துல காப்பியைத் தூக்கிட்டு வந்து குனிஞ்சு நின்னா போதும். வாயைத் தொறந்துராத தாயி. உன் தொண்டையைக் கேட்டா அவுக அச்சன்புதூருக்கு நடந்தே போயிருவாக."

நான் நேரே அப்பாவிடம் போனேன். "எப்பா, எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாம். படிப்பு முடியல. முடிஞ்சாலும் மேல படிக்கணும். பாடணும்" என்றேன்.  அவர் முழுக்கக் கேட்டு முடித்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"ஏ வள்ளி, உம்மகளுக்குத் தொண்டை கட்டியிருக்கு போல. சுக்குத் தண்ணி வச்சுக் குடு."

அவ்வளவுதான்! சுக்குத் தண்ணி! அம்மா வைத்தும் கொடுத்தாள். நான் குடித்தும் தொலைத்தேன். மறுநாள் ஐந்தருவிக்குப் போய் எண்ணெய் டின்னை ஒரு உதை உதைத்துவிட்டுக் கத்தினேன். கத்தினது பாட்டாக இருந்தது.

தட்டம் தூக்க மாட்டேன்
தல குனிய மாட்டேன்
பட்டுக் கட்ட மாட்டேன்
பல்ல இளிக்க மாட்டேன்
கேட்டியா? கேட்டியா?
மாட்டேன்! மாட்டேன்! மாட்டேன்!

ஒலி முகம்மது வாயைப் பிளந்தான். வேதா தாளக் கோலைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். "இதை எங்கடி பாடறது?" என்று கேட்டாள். அதுதான் தெரியவில்லை.

கொடை வந்தது. எங்கள் தெரு உச்சிமாகாளி அம்மன் கோயில் கொடை என்றால் சுற்றுவட்டாரமே கூடும். ஆடிச் செவ்வாய். வெயிலும் சாரலும் மாறி மாறி விளையாடிக்கொண்டிருந்தது. மதியக் கொடை முடிந்து, பந்தி முடிந்து, மேளக்காரர்கள் பந்தல் ஓரம் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தது பாட்டுக் கச்சேரி. யார் கச்சேரி? சாட்சாத் லட்சுமிநாராயணன் கச்சேரிதான். ஆனால் மனிதர் காலையில் சுரண்டையில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போனவர், வேன் அச்சு முறிந்து அங்கேயே நிற்கிறார் என்று தகவல் வந்தது. ஜனம் முணுமுணுத்தது. மைக்செட் போட்டிருந்த இசக்கிப்பாண்டி மேடையில் ஏறி, "யாருக்காவது பாட வருமாடே? மைக் சும்மா காயுது" என்று கூப்பிட்டான்.

பெண்கள் கூட்டத்தில் நின்ற நான் வேதாவைப் பார்த்தேன். வேதா என்னைப் பார்த்தாள். கொடை பார்க்க வந்த ஒலி முகம்மது கிட்டாரோடுதான் வந்திருந்தான், எதற்கு என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

"வாங்கட்டி!" என்றான்.

அப்பா வீட்டில் அச்சன்புதூர்க்காரர்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பட்டுச்சேலை கட்ட வரச் சொல்லி இரண்டு தரம் ஆள் அனுப்பியிருந்தாள். நான் போனது பந்தி சமைத்த கொட்டகைக்கு. அங்கே எங்கள் பங்க் அலங்காரம் நடந்தது பாருங்கள், லண்டன்காரன் பார்த்திருந்தால் அசந்திருப்பான்! சாரலுக்குப் போர்த்திக்கொள்ள எடுத்துவந்திருந்த அப்பாவின் பழைய வெள்ளைச் சட்டையைத் தாவணிக்கு மேல் மாட்டி, கையைக் கிழித்து, கிழித்த இடமெல்லாம் ஊக்கு. வளையல் கடையில் ஊக்கு அட்டை அட்டையாக வாங்கியாயிற்று. பின்னலை என்ன செய்வது? சமையல்காரர் காய் நறுக்கிப் போட்டிருந்த கத்தியை எடுத்தேன். "வேண்டாம்டி, வேண்டாம்டி" என்று வேதா கண்ணை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டே பின்னலை இழுத்தும் பிடித்தாள். ஒரே அறுப்பு.

நிமிர்ந்து நிற்க வேண்டுமே முடி? சோறு வடித்த கஞ்சி அண்டா நிறைய இருந்தது. வேட்டி நிற்கும்போது முடி நிற்காதா? அள்ளித் தடவினோம், கொம்பு கொம்பாக நின்றது. சிவப்பு? கோயிலில் இல்லாத குங்குமமா! வேதா ஒரு பொட்டலத்தை என் தலையில் கவிழ்த்தாள். "அபசாரம், அபசாரம்" என்று முனகிக்கொண்டே நன்றாகத் தேய்த்தும் விட்டாள். ஒலி முகம்மது கழுத்தில் ஒரு மாட்டுச் சங்கிலியை மாட்டிக்கொண்டான். மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். சிரிப்பு அடக்க முடியவில்லை.

மேடையில் ஏறினதும் ஜனம் கப்சிப். இசக்கிப்பாண்டி கிட்டார் வயரை வாங்கி மைக்செட் பெட்டியில் சொருகினான். அதுவரை அந்தக் கிட்டாரை நாங்கள் கரண்டில் போட்டுக் கேட்டதே இல்லை. ஒலி முகம்மது முதல் பிடியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தான்.

ஐயோ! தென்னை மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் அத்தனையும் ஒன்றாகக் கர்ஜித்தன. பந்தல் அதிர்ந்தது, காக்கா பறந்தது. கிட்டாரா அது? நூறு மரமில் ஒரே நேரத்தில் ஓடினால் வருமே, அது! கேட்டீர்களா லட்சுமிநாராயணன் சார், என்று மனசுக்குள் கூவினேன். வேதா கொட்டகையிலிருந்து தூக்கிவந்த எண்ணெய் டின்னில் இறங்கினாள். நான் மைக்கைப் பிடித்தேன்.

தட்டம் தூக்க மாட்டேன்!

பங்க் ஆட்டத்தில் கால் மாற்றி வைப்பதெல்லாம் இல்லை. நின்ற இடத்திலேயே எம்பி எம்பிக் குதிப்பதுதான். குதித்தேன். ஊக்குகள் சலசலத்தன. இத்தனை நாள் அருவி விழுங்கின குரல் இன்றைக்குக் குழாய் வழியாகத் தென்காசி ரோடு வரை ஓடியது. தலை குனிய மாட்டேன்! அப்போது பார்த்துச் சாரல் பிடித்தது. முகமெல்லாம் ஈரம். துடைக்கக்கூட நேரமில்லை எனக்கு.

இரண்டாம் தரம் 'மாட்டேன்' வரும்போது முன்வரிசைப் பெண்கள் எழுந்து நின்றார்கள். நான் இன்னும் உயரமாகக் குதித்தேன். பெண்கள் குலவை போட்டார்கள். குலவை! எனக்கு! டீ கிளாஸை வைத்துவிட்டு மேளக்காரர்கள் உறுமியை எடுத்தார்கள், தவிலை எடுத்தார்கள், வேதாவின் டின்னோடு சேர்ந்து வெளுத்து வாங்கினார்கள். ஒலி முகம்மது மூன்று பிடியையும் மாற்றி மாற்றிப் போட்டுச் சாமியே என்று கத்தினான், அவன் சொன்னது ஆச்சரியத்தில். நான் சந்தோஷத்தில் கிறுகிறுத்துப் போனேன். திரும்பிப் பார்க்கிறார்கள்! என் குரலைக் கேட்டு ஊரே எழுந்து நிற்கிறது! செத்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

அப்போது முருகம்மாள் சித்தி, எங்கள் அடுத்த வீட்டுக்காரி, ஒரு கொத்து வேப்பிலையோடு மேடைக்கு ஓடி வந்தாள். வேப்பிலையை என் கையில் திணித்தாள். தடாலென்று காலில் விழுந்தாள்.

"ஆத்தா! உச்சிமாகாளி! வந்துட்டியா தாயி!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேதாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்து வெலவெலத்துப் போயிருந்தாள். "மங்களா, குங்குமம்டி..." என்றாள். கையால் முகத்தைத் துடைத்தேன். உள்ளங்கை ரத்தமாகச் சிவந்தது. சாரலில் தலைக் குங்குமம் கரைந்து நெற்றி, கன்னம், வெள்ளைச் சட்டை எல்லாம் வழிந்துகொண்டிருந்தது. அறுத்துப்போட்ட தலை, கொம்பு கொம்பாக முடி, எம்பி எம்பிக் குதி, அடித்தொண்டைக் குரல். போதாததற்கு மாட்டேன் மாட்டேன் என்று வேறு கத்தியிருக்கிறேன். சாமி எதையோ மறுக்கிறாள் என்றால் கொடைக்கு அதைவிடப் பெரிய குற்றம் உண்டா! ஊரே அரண்டுவிட்டது. பாட்டைக் கேட்டு ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

"என்ன மாட்டேங்க தாயி? என்ன கொறை வச்சோம்?"

"கெடா வெட்டு கொறைஞ்சு போச்சோ?"

"பொங்கப் பானை தீட்டாயிட்டோ?"

ஆளாளுக்குக் கேட்டார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அப்பா ஓடி வந்தார். குழாயில் சத்தம் கேட்டு வீட்டிலிருந்து ஓடி வந்திருக்கிறார். பின்னால் அம்மா, அவளுக்கும் பின்னால் பரமசிவன் அண்ணாச்சியும் அவர் வீட்டுக்காரியும். அப்பா மேடைக்குக் கீழே நின்று என்னை ஏறிட்டுப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார், முடியைப் பார்த்தார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். நெஞ்சுக்கு நேரே கையைக் குவித்தார்.

"ஆத்தா, எம்பிள்ள மேல வந்து எறங்கியிருக்க. என்ன வேணும்னாலும் கேளு. செய்யுதேன். நீ சொன்ன வாக்கை மீற மாட்டேன்."

பரமசிவன் அண்ணாச்சி அவர் பக்கத்தில் சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "இந்தச் சம்பந்தத்துல எதுவும் பிழை உண்டா தாயி? சொல்லிரு!"

வேதா என் காதோரம் வந்தாள். "சொல்லுடி! கல்யாணம் வேண்டாம்னு சாமியாவே சொல்லிடு! ஒரே வார்த்தை, எல்லாம் தீந்துடும்!"

சும்மா சொல்லக்கூடாது, ஆசையாகத்தான் இருந்தது. ஒரே வார்த்தை. அச்சன்புதூர் பஸ்ஸில் அவர்கள் இப்போதே ஏறிவிடுவார்கள். மெட்ராஸ் போலீஸ் வேறு பெண் பார்த்துக்கொள்வார். எனக்குக் காலேஜ், ஐந்தருவி, கிட்டார். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் அப்பாவின் கையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்தொன்பது வருஷமாக இந்த வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் என்ன வேணும் என்று கேட்டதுண்டா? மனசைத் திறந்து சொன்னதற்குச் சுக்குத் தண்ணி! இன்றைக்கும் கேட்பது என்னை இல்லை. சாமி என்று சொல்லித் தப்பித்தால் நாளைக்கு மேல்படிப்புக்கும் சாமி வர வேண்டும், பாட்டுக்கும் சாமி வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான் குங்குமத்தைக் கொட்டிக்கொண்டு குதிக்க வேண்டும். மங்களேஸ்வரி எப்போது பேசுவது? லண்டனில் தட்டு கழுவுகிற பிள்ளை மேடையேறுகிறது, அது அதுவாகத்தானே ஏறுகிறது?

மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன்.

"எப்பா, சாமி இல்ல. நான்தான். மங்களா."

 முன்னைவிடப் பெரிய குலவை! "ஆத்தா சோதிக்கா! தங்கசாமி, விட்டுராத, காலைப் பிடி!" என்று கத்தினார்கள்.

"ஐயையோ, இல்லங்கேன்! நான் உன் மகப்பா! இது பாட்டு! போன வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்னு அல்வா தின்னியே, சர்க்கரை வியாதியை வச்சுக்கிட்டு? காலேஜ் பஸ்ஸுல இருந்து நான்தான பாத்தேன்!"

அப்பாவின் முகம் வெளுத்தது. "ஆத்தா கண்ணுக்குத் தப்புமா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா அந்தப் பரபரப்பிலும் அவரைத் திரும்பி ஒரு முறை முறைத்தாள். போச்சு. இனி நான் என்ன உண்மையைச் சொன்னாலும் அது சாமி வாக்கு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த ஊரில் சாமி ஆவது எளிதாக இருக்கிறது, மங்களேஸ்வரி ஆவதுதான் முடியவில்லை.

பூசாரி சூடம் எரிகிற தட்டோடு மேடையேறி வந்தார். சாமி வந்தவர்கள் எரிகிற சூடத்தை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு ஆடுவார்கள், கொப்புளம்கூட வராது. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் அது. எனக்குச் சுரீரென்று ஒன்று தோன்றியது.

"எல்லாரும் பாத்துக்கிடுங்க!" என்று மைக்கில் கத்தினேன். "சாமின்னா சூடம் சுடாது. சுட்டா நான்தான். அப்ப நான் சொல்லுததைக் கேக்கணும்!"

"வேண்டாம்டி!" என்று வேதா அலறினாள். ஒலி முகம்மது கிட்டாரோடு தாவினான். அதற்குள் தட்டிலிருந்த சூடத்தை அள்ளி உள்ளங்கையில் வைத்துவிட்டேன்.

எப்படிச் சுட்டது என்கிறீர்கள்!

"எப்பா! சுடுதுப்பா!"

குழாய் ஸ்பீக்கர் எல்லாம் அலறியது. அப்பா எப்படி மேடையேறினார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இடுப்பு உயர மேடை, படி அந்தப் பக்கம். ஒரே வீச்சில் சூடத்தைத் தட்டிவிட்டார். என் கையைப் பிடித்து விரித்து, குனிந்து, உஸ் உஸ் என்று ஊதினார். எச்சில் தெறிக்க ஊதினார். மைக் பக்கத்திலேயே கிடந்ததால் அந்த ஊதல் ஊருக்கே கேட்டது.

"கோட்டிக்காரி! கூறுகெட்ட மூதி! கையைச் சுட்டுக்கிட்டியேட்டி! ஏ வள்ளி, தேங்காண்ணெய் கொண்டா!" அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. குலவை நின்றது. மேளம் நின்றது. உள்ளங்கையில் கொப்புளம் நன்றாகவே எழும்பியது. பூசாரி எட்டிப் பார்த்துவிட்டு, "சாமி இல்ல, பிள்ளதான்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

அப்பா ஊதுவதை நிறுத்தவில்லை. "சாமின்னே இருந்துட்டுப் போயிருக்கலாம்லாட்டி. கேட்டதைச் செஞ்சிருப்பேனே" என்றார், மெதுவாக.

"சாமி கேட்டா செய்வ. நான் கேட்டா செய்ய மாட்டியாப்பா?"

 அவர் என் கையை விடவில்லை. அறுந்த முடி, வழிகிற குங்குமம், அவருடைய கிழிந்த சட்டை எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். சாமியைப் பார்த்த பார்வை இல்லை அது. அதைவிடக் கொஞ்சம் பயந்த பார்வை.

"என்ன வேணும் உனக்கு?" என்றார்.

என்னிடம் கேட்டார்! என்னிடம்! அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நிஜமாகவே தொண்டை கட்டிக்கொண்டது. "இப்பக் கல்யாணம் வேண்டாம். படிக்கணும். பாடணும்" என்றேன். குரலே எழவில்லை, காற்றுதான் வந்தது. ஆனாலும் அவருக்குக் கேட்டது.

கீழே பரமசிவன் அண்ணாச்சி சேற்றிலிருந்து எழுந்து வேட்டியை உதறிக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னும் குழப்பம் தீரவில்லை.

"தங்கசாமி, என்னவே நடக்கு? ஆத்தா கடைசியா என்னதான் சொல்லுதா?"

அப்பா என் கையைப் பிடித்தபடியே நிமிர்ந்தார்.

"ஆத்தா ஒண்ணும் சொல்லலை அண்ணாச்சி. எம்மக சொல்லுதா, வேண்டாம்னு."